ஜாக்கெட் கைக்குள் கட்டிய காப்பு

முளைப்பாரி போடுகிற பெண்கள் காப்பை மணிக்கட்டில்தான் கட்டிக்கொள்வார்கள். மஞ்சளில் நனைத்த நூல், நடுவில் ஒரு துண்டு விரலி மஞ்சள். நாலு பேர் கண்ணில் படத்தான் அதைக் கட்டுவது. இவள் விரதத்தில் இருக்கிறாள், இவளிடம் சண்டை வளர்க்காதே, துட்டி வீட்டுச் சாவுச் சேதியை இவளிடம் கொண்டுபோகாதே என்று அந்தக் கயிறே ஊருக்குச் சொல்லிவிடும். அதைப் புஜத்தில், ஜாக்கெட் கைக்குள் மறைத்துக் கட்டிக்கொண்ட பொம்பளையை நான் எங்கேயும் பார்த்ததில்லை. போன ஆடியில் நான் அப்படிக் கட்டிக்கொண்டேன்.

ராசிங்காபுரம்தான் எனக்குப் பிறந்த ஊரும் வாக்கப்பட்ட ஊரும். எட்டாவது வரை படித்தேன். வீட்டுக்காரர் போடியில் ஓர் ஏலக்காய் வியாபாரியிடம் இருக்கிறார். வாரத்தில் பாதி நாள் ஜீப்பில் மலையேறி, தோட்டம் தோட்டமாகப் போய்க் காயை உள்ளங்கையில் அள்ளிப் பார்த்துவிட்டு வருவதுதான் அவர் வேலை. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு, டவுனுக்கு வெளியே பிளாட் போட்ட ஒரு நகரில் வீடு கட்டிக்கொண்டு வந்தோம். சோளம் விளைந்த பூமி அது. இப்போது நேர் தெருக்கள், தெருவுக்குத் தெரு விளக்கு, முகப்பில் ஒரு சின்ன அம்மன் கோவில். பேங்க்கில் இருந்தவர்கள், வாத்தியார்கள், வியாபாரிகள் என்று நல்ல மனிதர்கள். அதைச் சொல்லிவிட வேண்டும். யாரும் யாரையும் ஒரு சொல் கடிந்து பேசமாட்டார்கள்.

எங்கள் வீட்டு கேட்டுக்கு முதலில் பச்சை அடித்திருந்தோம். எங்கள் குலசாமி கையில் இருக்கிற கிளியின் பச்சை. நான் ஆசைப்பட்டுச் சொன்ன நிறம். தெருவில் ஒரு வீட்டுக்குச் சந்தன நிறம் அடித்தார்கள். அடுத்த வீடும் சந்தனம். அப்புறம் எதிர் வரிசை. ஒரு பொங்கலுக்கு எங்கள் கேட்டும் சந்தனமாகிவிட்டது. மாற்றி அடி என்று யாரும் சொல்லவில்லை. ஊரிலிருந்து வந்த மகள், "ஏம்மா, கிளிப் பச்சைய ஏன் மாத்துனே?" என்று கேட்டாள். வெயிலுக்கு வெளுத்துப் போச்சு என்று சொல்லி வைத்தேன். வெளுக்கவில்லை.

பிறகு பேச்சு. வெள்ளிக்கிழமை விளக்கு பூஜைக்கு எல்லாரும் கோவில் மண்டபத்தில் கூடுவோம். வந்த புதிதில் ஒருநாள், "வெரசா முடிங்க, வீட்ல சோலி கெடக்கு" என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். கேலி இல்லை. பிரியமாகத்தான் சிரித்தார்கள். எங்கள் நகர்ச் சங்கத் தலைவரின் வீட்டம்மா, ரிட்டையர் ஆன டீச்சர், என் கையைப் பிடித்துக்கொண்டு, "ராசிங்காபுரத்தம்மா பேச்சக் கேட்டுக்கிட்டே இருக்கலாம்" என்றார். அன்றிலிருந்து நான் அங்கே 'சீக்கிரம்' என்றும் 'வேலை' என்றும் சொல்லப் பழகிக்கொண்டேன். என் பேச்சு அடுப்படிக்குள் போய்விட்டது. வீட்டுக்காரரிடம் மட்டும் அதில் பேசுவேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. விளக்கின் முன்னால் கண்ணை மூடிக் கும்பிடும்போது, மற்றவர்கள் கண்ணைத் திறந்துவிட்டார்களா என்று இமையிடுக்கில் பார்ப்பேன். அவர்கள் திறந்தால் நானும் திறப்பேன். அம்மனிடம் சொல்ல இன்னும் ரெண்டு வார்த்தை இருந்தாலும் அப்படியே விட்டுவிடுவேன். சாமியிடம் பேசுகிற பேச்சைக்கூடப் பக்கத்து ஆளைப் பார்த்து நிறுத்துகிறவளாக எப்போது ஆனேன் என்று தெரியவில்லை. கோலம் போடும் முன் சன்னலைத் திறந்து அடுத்த வாசலைப் பார்ப்பதும், கோவிலுக்குக் கட்டுகிற சேலையை நாலு வீட்டில் விசாரித்துக் கட்டுவதும் எல்லாம் அதோடு சேர்ந்தது. மனசுக்குள் ஏதோ ஒன்று நெருடும். மறுநாளும் சன்னலைத் திறப்பேன்.

அந்த ஆடிக்கு முந்தின ஐப்பசியில் அடைமழை. போடிமெட்டுச் சாலையில் மண் சரிந்தது. என் வீட்டுக்காரர் வந்த ஜீப்புக்கு முன்னாலும் சரிவு, பின்னாலும் சரிவு என்று சேதி வந்தது. அதற்குப் பிறகு போன் போகவில்லை. அன்றைக்குச் சன்னல் ஞாபகம் வரவில்லை. கோவிலுக்கு நனைந்துகொண்டே ஓடி, பூட்டிய கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு, அடுப்படிப் பேச்சில்தான் கேட்டேன். "ஆத்தா, அவுகளை முழுசாக் கொண்டாந்து சேத்துரு. வார ஆடிக்கு என் கையால முளைப்பாரி போட்டு, தலையில சொமந்து, இந்தத் தெரு வழியாவே ஆத்துக்குக் கொண்டு போறேன்."

மறுநாள் காலையில் முழங்கால் வரை சேற்றோடு நடந்தே இறங்கி வந்தார். கையில் செருப்பைத் தூக்கிக்கொண்டு, "பஜ்ஜி போடு, பசிக்குது" என்றார். நான் அழுத அழுகையில் பஜ்ஜி மாவில் உப்பு போட்டேனா என்று அவருக்குச் சந்தேகம்.

எங்கள் கோவிலில் அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் முளைப்பாரி எடுத்திருந்தோம். அவரவர் வீட்டில் போட்டது. ஒன்று முழ உயரம், ஒன்று சாண் உயரம், ஒன்று சாய்ந்தும் ஒன்று சிலுப்பிக்கொண்டும் இருந்தது. எதிர் வரிசையில் புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்ணுடையது தண்ணீர் அதிகமாகி அழுகிவிட்டது. முளைப்பாரி சரியாக வராவிட்டால் அந்த வீட்டில் ஏதோ குறை என்று நினைப்பது நம் சனங்களின் பழக்கம். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பார்த்த பார்வையே போதுமாக இருந்தது. அந்தப் பெண் நாள்கணக்கில் வெளியே வரவில்லை.

டீச்சருக்கு அது ஆறவே இல்லை. அதனால்தான் போன ஆடிக்கு முன் நடந்த கூட்டத்தில் ஒரு யோசனை சொன்னார். பொட்டிபுரம் பக்கம் தோப்புக்குள் ஷெட் போட்டு, திருவிழாக்களுக்கு முளைப்பாரி வளர்த்துக் கொடுக்கிற ஒருவர் இருக்கிறார். அவரிடம் சொன்னால் எல்லாருக்கும் ஒரே மாதிரி பிளாஸ்டிக் டப்பில், ஒரே உயரத்தில், சுற்றிலும் சரிகை ரிப்பன் கட்டிக் கொடுத்துவிடுவார். நாமெல்லாம் ஒரே நிறச் சேலை கட்டிக்கொண்டு வாங்கித் தூக்க வேண்டியதுதான். "ஒருத்தர் வீட்டுக் குறை இன்னொருத்தர் கண்ணுக்குத் தெரிய வேண்டாம். சாமி கும்பிடற இடத்துல யாரும் அழுதுட்டுப் போகக் கூடாது" என்றார். அந்தப் பெண் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் கண் கலங்கியதை நானும் பார்த்தேன். நல்ல மனசோடு சொன்ன யோசனை அது. இன்றைக்கும் எனக்கு டீச்சர்மேல் ஒரு குறையும் இல்லை.

எல்லாருக்கும் சம்மதம்தானே என்று கேட்டார். எனக்கு ஒரு நேர்த்திக்கடன் இருக்கிறது என்று எழுந்து சொன்னால் ஒரு நிமிஷத்தில் முடிகிற விஷயம். பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்து, யாருக்கும் தெரியாமல் போடுவது என்று முடிவு கட்டினேன். இருட்டில் வளர்கிறதைப் பார்க்கிறவள் ஆத்தாதானே, அவளுக்குத் தெரிந்தால் போதாதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ராசிங்காபுரத்துத் தோட்டத்திலிருந்து மண்ணும் ஆட்டுப் புழுக்கைத் தூளும் கொண்டுவரச் சொன்னேன். பழைய அலுமினியச் சட்டியில் நிரப்பி, தட்டைப்பயறு, மொச்சை, சோளம், கம்பு, கேழ்வரகு என்று தானியம் ஒன்பதும் விதைத்தேன். வீட்டுக்காரர் ஏலக்காய் சாம்பிள் பைகளை அடுக்கி வைக்கிற ஸ்டோர் ரூமில், பரணுக்குக் கீழே வைத்துப் கோழி கவிழ்க்கிற பஞ்சாரக் கூடையால் மூடினேன். காப்புக் கட்டிவிட வேறு யாரைக் கேட்பது? அவரிடமே நூலைக் கொடுத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். நான் கையை இழுத்துக்கொண்டு புஜத்தைக் காட்டினேன்.

"இங்கனயா கட்டுவாக?"

"கட்டுங்க."

"திருட்டுப் பொருளாட்டம்ல இருக்கு" என்று சிரித்துக்கொண்டே கட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தெருவின் கடைசி வீட்டுக்கு அந்த வருஷம்தான் ஒரு குடும்பம் வந்திருந்தது. தலைமுறையாக மலைமேல் கேரளப் பக்கம் ஏலத் தோட்டத்தில் இருந்தவர்கள். பிள்ளைகளின் காலேஜுக்காகக் கீழே இறங்கி வந்தார்கள். அந்த வீட்டுக்காரிக்கு என்னைவிட வயது குறைவு. என்னைச் சேச்சி என்பாள். அங்கே அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். அவள் வீட்டு கேட்டு நீலம். வந்து மாதக்கணக்காகியும் நீலமாகவே இருந்தது.

நான் விதை போட்ட மறுநாள் அவள் வந்தாள். நல்ல கம்பு இருந்தால் ஒரு பிடி வேண்டும், கடையில் வாங்கியது புழுத்திருக்கிறது என்றாள். எதற்கு என்று கேட்டேன். தெரியாதது போலத்தான் கேட்டேன்.

"முளைப்பாரிக்கு, சேச்சி. கூட்டத்தன்னைக்கு நான் இல்ல. வாங்கிக்கலாம்னு பேசினாங்களாம். நமக்கு அது சரிப்படாது, பின்னே, கையால போட்டுத்தான் பழக்கம்."

கம்பை எடுக்க நான் ஸ்டோர் ரூமுக்குள் போனபோது அவள் பேசிக்கொண்டே இருந்தாள். மலைமேல் ஆடிக் குளிருக்கு விதை கண் திறக்காதாம். அதனால் ஏலக்காய் வாட்டுகிற ஸ்டோரில், சூட்டுக் குழாய்க்குத் தள்ளி ஓரமாக எல்லார் சட்டியையும் வரிசையாக வைப்பார்களாம். சாயந்தரம் வேலை விட்டு வந்து தண்ணீர் தெளித்துப் பாடுவார்களாம். "எங்க முளைப்பாரி ஏலக்கா மணக்கும். கரைக்கறப்ப ஓடைத் தண்ணியே மணக்கும்" என்றாள். நான் நின்ற இடத்திலும் ஏலக்காய் மணம்தான். என் காலடியில் பஞ்சாரத்துக்குள் என் சட்டி இருந்தது. அதே பையிலிருந்து அதே கம்பை அள்ளிக் கொண்டுவந்து அவள் முந்தானையில் கொட்டினேன். நானும் போட்டிருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் மணிக்கட்டில் காப்பு மஞ்சளாகத் தெரிந்தது. என் கை தானாகப் போய் ஜாக்கெட் கையை இழுத்து விட்டுக்கொண்டது.

சேலை கொடுக்கிற அன்று மறுபடி கூடினோம். மாம்பழ மஞ்சள், சிவப்பு பார்டர். அவளும் சேலையை வாங்கிக்கொண்டாள். டப்பு மட்டும் எனக்கு வேண்டாம், நான் போட்டிருக்கிறேன், அதையே தூக்கிக்கொள்கிறேன் என்றாள். யாருக்கும் கோபமில்லை. ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எதிர் வரிசைப் பெண்ணின் முகம் சுருங்கியது. டீச்சர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ராசிங்காபுரத்தம்மா, உங்களோடதான் அவங்க பழக்கம். நீங்க சொல்லுங்க."

எல்லார் முகமும் என் பக்கம் திரும்பியது. அவளும் பார்த்தாள், நான் தனக்காகப் பேசப்போகிறேன் என்ற நம்பிக்கையோடு. என் புஜத்தில் கயிறு இறுக்கியது. நான் சொன்னேன்:

"எல்லாரும் ஒண்ணுபோல இருந்தாத்தானே தங்கச்சி அழகா இருக்கும். தனியாத் தெரியணும்னு நினைக்கலாமா?"

வீட்டில் என் சட்டியில் முளை அப்போது விரல் உயரம்.

"தனியாத் தெரியறதுக்கில்ல, சேச்சி. போட்டாச்சு. போட்டதை என்ன செய்ய?" என்று மட்டும் கேட்டாள். சரி, அவங்க இஷ்டம் என்று டீச்சர் முடித்துவைத்தார். கலைந்து போகும்போது ஒருவர் என் தோளைத் தட்டி, நறுக்குன்னு சொன்னீங்க என்றார். அந்தத் தட்டு விழுந்தது காப்பின் மேலே.

பிறகு வந்த சாயந்தரங்களில் அவள் பாடுகிற சத்தம் தெரு முழுக்கக் கேட்கும். மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு தாளம் தட்டிப் பாடுவாள். நான் டிவியைச் சத்தமாக வைத்துவிட்டு, ஸ்டோர் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, வேப்பிலையால் தண்ணீர் தெளிப்பேன். பாடாமல் முளைப்பாரி வளர்க்கக் கூடாது என்பார்கள். உதட்டைத் திறக்காமல் முனகினேன். இருட்டில் முளை வெளுத்த மஞ்சளாக, பட்டு நூல் மாதிரி எழுந்து வந்தது. அவ்வளவு அழகு. அதைக் காட்ட ஒரு ஆள் இல்லை. இதில் நான் பயந்தது யாருக்கு என்று எத்தனையோ தடவை யோசித்தேன். ஒரு முகமும் ஞாபகத்துக்கு வரவில்லை.

திருவிழா அன்று வேனில் டப்புகள் வந்து இறங்கின. எல்லாம் ஒரே உயரம், கத்தரித்து விட்டது போல. எல்லாரும் மாம்பழ மஞ்சளில் நின்றோம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. கடைசி வீட்டுக்காரியும் அதே சேலையில், தன் மண்சட்டியோடு வந்தாள். அதில் ஒரு பக்கம் ஓங்கியும் ஒரு பக்கம் தாழ்ந்தும் இருந்தது. போட்டோ எடுக்க வந்தவர் பார்த்துவிட்டு, அக்கா, நீங்க கொஞ்சம் பின்னாடி நில்லுங்க என்றார். அவள் சரி என்று வரிசையின் கடைசிக்குப் போனாள். வேண்டாம், இங்கேயே நிற்கட்டும் என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

தலையில் சும்மாடு வைத்து, ஒருவருக்கொருவர் தூக்கிவிட வேண்டும். என் பக்கத்தில் இருந்தவளுக்கு நான் தூக்கிவிட்டேன். எனக்குத் தூக்கிவிட ஆள் தேடியபோது, தன் சட்டியைக் கீழே வைத்துவிட்டு அவள்தான் முன்னால் வந்தாள். கூட்டத்தில் அப்படிப் பேசிய எனக்கு. டப்பைத் தலைக்குமேல் ஏந்தி வைத்தாள். நான் பிடிக்க இரண்டு கையையும் உயர்த்தினேன். ஜாக்கெட் கை மேலே ஏறியது.

அவள் கண் என் புஜத்தில் நின்றது. மஞ்சள் நூல், அழுக்கேறி, மஞ்சள் கிழங்கு சுருங்கி. எத்தனை நாள் காப்பு என்று பார்த்தவுடன் தெரிந்திருக்கும். ஸ்டோர் ரூம், கம்பு, கூட்டத்தில் சொன்ன சொல் எல்லாம் அந்த ஒரு பார்வையில் அவளுக்குச் சேர்ந்துவிட்டன என்று என் உடம்புக்குத் தெரிந்தது. அவள் இரண்டு விரலால் ஜாக்கெட் விளிம்பைப் பிடித்துக் கீழே இழுத்து, நூலை மூடிவிட்டாள். பிள்ளைக்குச் சட்டையைச் சரிசெய்கிற மாதிரி. பிறகு தன் சட்டியிடம் போய்விட்டாள்.

அவள் அதைக் காட்டிக்கொடுத்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

கொட்டு முழங்கியது. குலவை போட்டார்கள். நடந்தேன். ஊரில் முளைப்பாரி தூக்கினால் கழுத்து நரம்பு புடைக்கும். பாதி வழியில் சாமி உட்கார்ந்துவிட்டது என்பார்கள். இந்த டப்பில் மண்ணே இல்லை. தென்னை நார்த் தூளில் வளர்த்தது. தலையில் ஏதும் இருப்பதாகவே தெரியவில்லை. இதற்கா பூட்டிய கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாய் என்று யாரோ கேட்பது போலவே இருந்தது. கொட்டகுடி ஆற்றில் செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, டப்புகளைத் திருப்பிக் கொடுக்க அடுக்கினார்கள். அவள் தூரத்தில் இறங்கி, மண்ணோடு கரைத்துவிட்டு ஈரச் சேலையோடு போனாள்.

மறுநாள் என் முளைப்பாரி பஞ்சாரத்தை முட்டிக்கொண்டு நின்றது. அதற்குமேல் வைத்திருந்தால் சாய்ந்துவிடும். ஸ்கூட்டரில் வைத்துத் துணி போட்டு மூடிக் கொண்டுபோய்க் கரைத்துவிடலாம் என்று வீட்டுக்காரரைக் கிளப்பினேன். தலையில் சுமப்பதாக நேர்ந்ததாச்சே என்றார். அதெல்லாம் ஆத்தாளுக்குப் புரியும் என்றேன். சட்டியை இடுப்பில் தூக்கி வந்து, ஸ்கூட்டரின் முன்னால் கால் வைக்கிற இடத்தில் வைத்தேன். பழைய வேட்டியால் போர்த்தினேன். கேட்டைத் திறந்தால் டீச்சர் எதிரே, கையில் பால் பாத்திரத்தோடு.

"காலைலயே என்னம்மா, மூடிக்கிட்டு?"

"ஒண்ணுமில்ல டீச்சர். பழைய மண்ணு. கொட்டிட்டு வர்றோம்."

டீச்சர் தலையாட்டிவிட்டுப் போனார். வண்டி நகரும் என்று காத்திருந்தேன். வீட்டுக்காரர் சாவியைத் திருப்பி அணைத்தார். ஸ்டாண்ட் போட்டு இறங்கினார். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவர் என்னைக் கோபமாகப் பார்த்தது குறைவு.

"எறக்கு."

"ஏங்க, ஆத்துக்கு..."

"மண்ணுன்னுட்டேல்ல. மண்ணுக்கு எதுக்குத்தா ஆறு? இங்கனயே எங்கிட்டாச்சும் கொட்டு."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் உயிருக்காக நேர்ந்தது. அதைத்தான் அவர் காதுபட மண் என்றேன். சட்டியை இறக்கிப் போர்ட்டிக்கோவில் வைத்தேன். துணி சரிந்தது. இத்தனை நாளும் வெளிச்சமே பார்க்காத முளை, வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. அதன் முன்னால் உட்கார்ந்து, வெளியில் கேட்கிறதா என்ற நினைப்பே இல்லாமல் அழுதேன்.

தலையில் ஏற்றவும் முயன்றேன். ஈர மண்ணோடு நெஞ்சு வரைதான் வந்தது. முளைப்பாரியை ஆண் தொட்டுத் தூக்கிவிடுவது எங்களில் இல்லை. விரதம் இருந்த இன்னொரு பெண் தூக்கிவிட வேண்டும். அந்தத் தெருவில் விரதம் இருந்த இன்னொரு பெண் ஒருத்திதான்.

நீல கேட்டு வரைக்கும் போனேன். அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "தங்கச்சி, தூக்கிவிட ஆள் வேணும்" என்றேன். அவள் கையிலிருந்த துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். உள்ளே போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, நெற்றியில் திருநீற்றோடு வந்தாள். அதுவரை நான் அவள் வாசலில் நின்றேன்.

என் சட்டியைப் பார்த்ததும் குனிந்து கம்பைத் தொட்டாள். "ஒரே கம்பு. உங்களுது என்னுதைவிட ஓங்கிருச்சே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். தூக்கிவிட்டாள். பாரம் இறங்கிக் கழுத்தில் உட்கார்ந்தது. கையை உயர்த்தியபோது ஜாக்கெட் கை ஏறியது. இந்தத் தடவை அவள் இழுத்துவிடவில்லை. நானும் விடவில்லை. கொட்டும் இல்லை, குலவையும் இல்லை. அவள் பக்கத்தில் மெதுவாகப் பாடிக்கொண்டு வந்தாள். எனக்கும் தெரிந்த பாட்டு. நானும் சேர்ந்து பாடினேன்.

சந்தன நிற கேட்டுகளுக்குள்ளிருந்து பார்த்தார்கள். டீச்சர் வீட்டு வாசலில் அவர் குடத்தோடு வந்து, வழக்கப்படி என் காலுக்குத் தண்ணீர் ஊற்றினார். ஊற்றிவிட்டு நிமிர்ந்து என் புஜத்தைப் பார்த்தார். அப்புறம் சட்டியைப் பார்த்தார்.

"சொல்லியிருக்கலாமேம்மா. வேண்டாம்னா சொல்லியிருப்போம்?"

சொல்லியிருப்பார்களா, மாட்டார்களா, எனக்கு இன்றுவரை தெரியாது. நான் கேட்கவே இல்லையே. கடைசி வீட்டுக்காரி கேட்டபோது, வேண்டாம் என்று சொன்னது டீச்சர் இல்லை, நான்.

ஆற்றில் இடுப்பளவு தண்ணீர். மலையில் மழை, அதனால் கலங்கலாக ஓடியது. சட்டியை இறக்கிக் கரைத்தோம். பட்டு மஞ்சள் இழைகள் பிரிந்து பிரிந்து போயின. தண்ணீரில் லேசாக ஏலக்காய் மணம் வந்தது போல இருந்தது. ஸ்டோர் ரூம் வாசனை மண்ணில் ஏறியிருக்கும். அவளும் மூக்கை உறிஞ்சினாள்.

"கூட்டத்துல நான் அப்படிச் சொன்னது தப்பு, தங்கச்சி."

அவள் என் கையைப் பிடித்து, நனைந்து இறுகிய முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

"ரெண்டு பேரும் சேர்ந்தே பாடியிருக்கலாம், சேச்சி. என் மகளுக்குத் தாளம் வராது, தெரியுமில்ல" என்றாள். பிறகு, "மதி, அழுதது போதும். தண்ணி இழுக்குது, வாங்க" என்று என்னைக் கரைக்கு இழுத்தாள். தப்பில்லை என்று அவள் சொல்லவில்லை. சொல்லாததுதான் சரி.

புஜத்தில் காப்பு இருந்த இடத்தில் ஒரு தடம் வெகுநாள் இருந்தது. இறுக்கிக் கட்டியதால் வந்த புண். மணிக்கட்டில் கட்டினால் அப்படி வராது.

திருவிழாப் படத்தைப் பெரிதாக்கிக் கோவில் மண்டபத்தில் மாட்டியிருக்கிறார்கள். மாம்பழ மஞ்சளில் ஒரே வரிசை, ஒரே உயரம், பார்க்க நிறைவாக இருக்கிறது. முதல் ஆளாக நான் நிற்கிறேன். ஜாக்கெட் கை முழங்கை வரை ஒழுங்காக இறங்கியிருக்கிறது. கடைசி வீட்டுக்காரி படத்தில் விழவில்லை. அவள் சட்டியின் ஓங்கிய பக்கத்திலிருந்து நாலைந்து இழை மட்டும் ஓரத்தில் தெரியும், இன்னது என்று தெரிந்தவர்களுக்கு. வெள்ளிக்கிழமை விளக்கு பூஜைக்கு அந்தப் படத்துக்கு நேர் எதிரேதான் எனக்கு இடம். அதைக் கழற்றி வையுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏன் என்று கேட்பார்கள். அதைத்தான் நான் இன்னும் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் கண்ணை மூடிக் கும்பிட்டால் அவசரமாகத் திறப்பதில்லை. மற்றவர்கள் எழுந்துபோகிற சேலைச் சத்தம் கேட்கும். ஆத்தாளிடம் முதலில் அந்தப் படத்தைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.